கோவைக்கு ஐ.எஸ்.எல். அணி வாங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்கு ஒரு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணி வேண்டும் என்று தங்கள் வாசகர் பகுதியில் கோவை அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். விமான நிலையம் இருக்கிறது, நட்சத்திர ஹோட்டல்கள் இருக்கின்றன, முப்பதாயிரம் பேர் உட்காரும் நேரு ஸ்டேடியம் இருக்கிறது, பணம் போடுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை, பிறகென்ன தடை என்று கேட்டிருந்தார். நாலும் உண்மைதான். ஆனால் அந்த நாலும் 2017இலும் இருந்தன. அப்போது கோவைக்கு ஒரு அணி வந்தது, கோப்பையும் வாங்கியது, போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நான் திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவள். எங்களுக்கு வருவதில் பாதி விளையாட்டு பனியன். என் அப்பா அந்தக் காலத்தில் கோவையில் ஒரு மில் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரர். என் மகள் ஈரோட்டில் கல்லூரி அணியில் ஆடுகிறாள். நடுவில் நான் மட்டும் ஆடவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு த்ரோபாலும் கோ-கோவும்தான். ஆட முடியாத குறையை இன்றுவரை பார்த்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி, ஐ.எஸ்.எல்.லோடு அப்போது நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில், 2017-18 சீசனில் கோவை நேரு ஸ்டேடியத்தை ஹோம் கிரவுண்டாக எடுத்துக்கொண்டது. அடுத்த சீசனிலேயே சாம்பியன். 2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி ஆட்டம் மினர்வா பஞ்சாபோடு. ஜெயித்தே ஆக வேண்டும். ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே ஒரு கோல் வாங்கிவிட்டு, இடைவேளை வரை அப்படியே தவித்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில், பட்டத்துக்கு எங்களோடு போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால், கோகுலம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. கேலரியில் பாதிப் பேர் கண் மைதானத்தில், காது பக்கத்து ஆள் போனில். இரண்டாம் பாதியில் பெட்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் போட்டு 3-1 ஆக்கினார். சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்த சீசனில் மன்சி அடித்தது மட்டும் 21 கோல். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். அன்றைக்கு மகளும் நானும் தொண்டை கட்டித்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

ஆனால் அன்று நாங்கள் கத்திய பெயர் என்ன தெரியுமா? சென்னை. கோவையில் உட்கார்ந்துகொண்டு, சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் எல்லாம் "சென்னை! சென்னை!" என்று கத்தினோம். எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெரியவர், "ஏனுங்க, ஜெயிச்சது நம்மூரா, மெட்ராஸுங்களா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கொங்கு நாட்டில் ஐரோப்பிய கிளப் கால் வைத்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம் வந்தது. ஹோம் மேட்ச்சை நடத்தியது அகமதாபாதில். அப்புறம் கொரோனா. 2020-21 சீசன் முழுவதும் கொல்கத்தா பக்கமே நடந்து முடிந்தது. 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. வரும்போதும் கோவையை யாரும் கேட்டுக்கொண்டு வரவில்லை, போகும்போதும் சொல்லிக்கொண்டு போகவில்லை. தேசிய சாம்பியன் ஒன்று இரண்டே ஆண்டில் காணாமல் போனதற்கு இந்த ஊரில் ஒரு கண்டனக் கூட்டம்கூட நடக்கவில்லை. மக்களைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் நம்முடையது இல்லை, ஆடியவர்களில் நம் தெருப் பையன்கள் அதிகம் இல்லை, பழகிய காலமும் போதாது. என்னவென்று சொல்லி வருத்தப்படுவது?

இங்கிலாந்தில் விம்பிள்டன் அணியை லண்டனிலிருந்து பெயர்த்து மில்டன் கீன்ஸ் என்ற புது ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் அழுததோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று ஒரு கிளப் தொடங்கி, பார்க்கில் திறந்த தேர்வு வைத்து ஆள் எடுத்து, கீழ்மட்ட டிவிஷனிலிருந்து ஏறி 2011இல் கால்பந்து லீக்குக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கோபம் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. புது கிளப் ஏறி வர டிவிஷன் மேல் டிவிஷனாக ஒரு வழி இருந்தது. கோவைக்காரர்களுக்கு அப்படி ஏறி வர என்ன இருந்தது?

நம் நாட்டில் மேல்மட்ட லீக் ஊர்களைச் சேர்த்த விதத்தைப் பாருங்கள். 2014இல் 8 அணிகளோடு ஐ.எஸ்.எல். தொடங்கியது. டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வரம் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே அணி மூடப்பட்டு, அந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்தது. ஹைதராபாத் 2021-22இல் கோப்பையையே வாங்கியது. 2025இல் அது டெல்லிக்குப் போய்விட்டது. டெல்லி ரசிகனுக்கு அணி போய் அணி வந்தது. ஹைதராபாத் ரசிகனுக்கு வெறும் பழைய பனியன்தான் மிச்சம். சரக்கு லாரிக்குக்கூட நம்பர் பிளேட் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் நாலு நாள் அலைய வேண்டும், அணிக்கு ஊரையே மாற்றுவது அதைவிடச் சுலபம் போலிருக்கிறது.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான், அதுவும் எங்கள் ஊர்ப் பெயரிலேயே. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) காரைக்குடிக் காளை என்று ஆடிய அணிதான் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. 2025இல் கோப்பை வாங்கினார்கள், எங்களுக்கும் பெருமைதான். ஆனால் திருப்பூருக்குள் ஓர் ஆட்டம் நடந்தால்தானே நாங்கள் போய்ப் பார்க்க முடியும்? கோவையிலும் சேலத்திலும் திண்டுக்கல்லிலும் ஆடுகிற "திருப்பூரை" டிவியில் பார்க்கிறோம். கால்பந்தில் இன்டர் காசியும் அப்படித்தான்: பெயர் வாரணாசி, ஐ-லீக்கில் ஹோம் மேட்ச் ஆடியது மேற்கு வங்காளத்துக் கல்யாணியில்.

அமெரிக்காவில் இதை ஒளிவுமறைவில்லாத வியாபாரமாகவே செய்கிறார்கள். எம்.எல்.எஸ். லீக் 1996இல் 10 அணிகளோடு ஆரம்பித்தது. இப்போது 30. டொரண்டோ 2007இல் உள்ளே வர 1 கோடி டாலர் கட்டியது. 2025இல் முப்பதாவது அணியாக வந்த சான் டியேகோ கட்டியது 50 கோடி டாலர். கடைசியில் வந்தாலும் கீழ் டிவிஷனுக்கு இறங்குவது கிடையாது என்பதால் முதலாளிக்குப் பயமில்லை, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. இடையில் மயாமி, டாம்பா அணிகளை லீக்கே இழுத்து மூடியதும் உண்டு. கொலம்பஸ் அணியை ஆஸ்டினுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது கொலம்பஸ் ரசிகர்கள் தெருவில் இறங்கித் தடுத்தார்கள். பணம் அளவில்லாமல் இருக்கிற நாட்டுக்கு அந்த முறை சரிப்படலாம். நமக்கு? லீக்கை நடத்திய கம்பெனிக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்ற காரணத்தால், செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐ.எஸ்.எல். சீசன் 2026 பிப்ரவரிவரை தள்ளிப்போனது. அத்தனை மாதம் ஆட்டக்காரர்கள் சம்பளம் வருமா வராதா என்று உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கடையில் போய் இன்னொரு பங்கு வாங்கலாம் என்கிறார் நம் அன்பர்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்த மான்செஸ்டரைச் சுற்றியிருந்த பஞ்சாலை ஊர்கள் கால்பந்துக்கு என்ன செய்தன என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. உலகத்தின் முதல் கால்பந்து லீக் 1888இல் இங்கிலாந்தில் 12 அணிகளோடு தொடங்கியது. அதில் 6 அணிகள் லங்காஷயர் மாகாணத்தவை. பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, பிரஸ்டன், அக்ரிங்டன் ஐந்தும் நூற்பாலை, நெசவாலை ஊர்கள். லண்டனிலிருந்து ஒரு அணிகூட இல்லை! தலைநகரத்து அணி முதன்முதலாக உள்ளே வர இன்னும் ஐந்து ஆண்டு ஆனது. முதல் சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கியது பிரஸ்டன்.

அந்த ஊர்களால் முடிந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, 1850 தொழிற்சாலைச் சட்டப்படி சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் மில்லில் பெண்களையும் இளம் வயதினரையும் வேலை வாங்கக் கூடாது, அதனால் மில்லே நின்றுவிடும். கையில் காசும் இருக்கும், மதியமும் சும்மா இருக்கும். இன்னொன்று ரயில். பிளாக்பர்னிலிருந்து அக்ரிங்டன் எட்டு கிலோமீட்டர், பர்ன்லி பதினெட்டுக்குள், பிரஸ்டனும் அப்படியே. எதிரணியின் ஊருக்குப் போய்க் கத்திவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். பக்கத்து ஊர்க்காரனை ஜெயிக்கிற ஆசைதான் கேலரியை நிரப்பியது. இன்றைக்கும் லட்சம் பேர்கூட இல்லாத பர்ன்லி 2025இல் மறுபடியும் மேல் டிவிஷனுக்கு ஏறியது.

இப்போது நம் ரயில் பாதையைப் பாருங்கள். கோவை, சோமனூர், திருப்பூர், ஊத்துக்குளி, ஈரோடு, சங்ககிரி, சேலம். கோவையிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து ஈரோடு இன்னோர் ஐம்பது, ஈரோட்டிலிருந்து சேலம் அறுபது. ஈரோட்டில் பிரிந்தால் கரூர், போத்தனூரில் பிரிந்தால் பொள்ளாச்சி, சேலத்தில் பிரிந்தால் நாமக்கல். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், பொள்ளாச்சி, நாமக்கல் என்று ஏழு பெரிய ஊரும் ரயிலில் கோர்த்துக் கிடக்கின்றன. இத்தனை பெரிய தொழில் ஊர்கள் இத்தனை நெருக்கமாக இந்தியாவில் எத்தனை இடத்தில் இருக்கின்றன? சென்னையின் ஐ.எஸ்.எல். அணிக்குப் பக்கத்து எதிரி பெங்களூரு, 350 கிலோமீட்டர். குவாஹாட்டிக்கு அவே மேட்ச் பார்க்க எந்தத் தொழிலாளி போவான்?

கோவைக்கும் திருப்பூருக்கும் இருக்கிற போட்டியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாவட்டத்தைப் பிரித்து இத்தனை ஆண்டு ஆகியும், கோவைக்காரர் எங்களைப் பனியன்காரர் என்பதும், நாங்கள் அவர்களை மரியாதை பேசியே காரியம் சாதிக்கிறவர்கள் என்பதும் நிற்கவில்லை. ஈரோட்டுக்காரருக்கு மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும் இருக்கிறது என்ற மிதப்பு. சேலத்துக்காரர் தாங்கள் கொங்கா இல்லையா என்பதையே வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்கள். (சேலத்து வாசகர்கள் கோபிக்க வேண்டாம், என் சம்பந்தி வீடு அங்கேதான்.) இத்தனை சண்டையையும் வீணாக்கிவிட்டு, "கொங்கு அணி" என்று ஒன்றைக் கோவையில் வைத்து, எல்லோரும் வந்து அதற்குக் கைதட்டுங்கள் என்றால் ஈரோட்டுக்காரன் எதற்கு வருவான்? அவனுக்குக் கோவையைத் தோற்கடிக்கிற ஓர் அணி வேண்டும்.

"கொங்கில் கால்பந்தை யார் பார்க்கிறார்கள், எல்லாம் கபடியும் கிரிக்கெட்டும்தானே" என்பார்கள். கரூர் திருவள்ளுவர் மைதானத்தில் கூடைப்பந்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இந்த மக்கள் நல்ல ஆட்டம் கிடைத்தால் எதற்கும் வருவார்கள் என்று ஒத்துக்கொள்வார்கள். போத்தனூர் ரயில்வே காலனிப் பக்கம் பந்து உதைப்பது பாட்டன் காலத்துப் பழக்கம். அதை விடுங்கள். எங்கள் திருப்பூரில் தைக்கிற, அயர்ன் பண்ணுகிற, பேக் பண்ணுகிற கைகளில் எத்தனை வங்காளம், ஒடிசா, அசாம், மணிப்பூர்? எங்கள் யூனிட்டில் முர்ஷிதாபாத் பையன்கள் இருக்கிறார்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டம் அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொன்னால் ஒருத்தன் நிற்க மாட்டான். மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் என் மகளிடமிருந்து பந்தைப் பறித்துக் காட்டிய விதத்தில், கட்டிங் மாஸ்டர் கையைக் கழுவாமலே நின்று வேடிக்கை பார்த்தார். இவர்களை வாரத்தில் ஆறு நாள் வேலை வாங்குகிறோம். ஏழாம் நாள் திருப்பூர் அணிக்காக இவர்கள் ஆடினாலோ கத்தினாலோ, இவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே?

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் 2024இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கிவிட்டார்கள். கண்ணூர், கோழிக்கோடு, மலப்புரம், திருச்சூர், கொச்சி, திருவனந்தபுரம் என்று ஆறு ஊர். முதல் பட்டம் கோழிக்கோட்டுக்கு. மலப்புரத்துக்காரன் கோழிக்கோட்டுக்கு வண்டி பிடித்துப் போகிறான். நான் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஒன்றில் மட்டும் வேறு வழி போகலாம் என்பேன்: ஊர் ஊராக உரிமையை விற்பதற்குப் பதில், மாவட்ட லீக்கில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் நல்ல கிளப்பை ஊர் அணியாக வளர்க்க வேண்டும்.

முதலாளிகளுக்கு அதில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஜப்பானில் 1993இல் ஜே லீக் தொடங்கியபோது அணிகள் பெரும்பாலும் கம்பெனி அணிகள்தான். நிஸ்ஸான் அணி யோகோஹாமா ஆனது, மிட்சுபிஷி அணி உராவா ஆனது, டொயோட்டா அணி நகோயா ஆனது. காசு கம்பெனியுடையது, பெயர் ஊருடையது. காஷிமா என்று அப்போது ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஓர் இரும்பாலை ஊர். சுமிடோமோ மெட்டல் அணி அங்கே இருந்தது. லீக்கில் சேர வேண்டுமானால் பதினைந்தாயிரம் பேர் கூரைக்குக் கீழே உட்காரும் மைதானம் வேண்டும் என்றார்கள். கட்டிவிட்டார்கள். பிரேசிலின் ஜீக்கோ அங்கே வந்து ஆடினார். அதன்பின் ஜப்பான் லீக் பட்டத்தை 8 முறைக்குக் குறையாமல் வாங்கிய அணி அது. பத்து கிளப்பில் தொடங்கிய ஜே லீக், மூன்று டிவிஷனில் 60 கிளப் ஆகியிருக்கிறது. நம்மிடம் பம்ப்செட், மோட்டார், நூல், பனியன், முட்டை, லாரி பாடி என்று எதற்கும் முதலாளி இருக்கிறார். கோவில் கும்பாபிஷேகத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள்தான். கம்பெனிப் பெயரைப் பனியனின் நெஞ்சில் போட்டுக்கொள்ளட்டும், அணியின் பெயரில் வேண்டாம்.

மேலே போக வழியும் இப்போது திறந்திருக்கிறது. மாநில லீக், அதற்கு மேல் தேசிய அளவில் கீழ் டிவிஷன்கள் என்று படிப்படியாக ஜெயித்தால் ஐ.எஸ்.எல். பஞ்சாப் 2023இலும் முகமதன் 2024இலும் ஐ-லீக் பட்டத்தைக் கொண்டுதான் ஏறின. ஐந்தாறு ஆண்டு ஆகும், ஆகட்டும். கடைசியில் வருகிற அணியைக் கீழே இறக்கி விடுவதும் தவறாமல் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு மேலே இருக்கிறவர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். எங்கள் ஏழு ஊர் லீக்கிலாவது முதல் நாளிலிருந்தே வைத்துவிடலாம். கடைசியில் வருகிற ஊருக்குப் பதில் அடுத்த ஆண்டு கோபியோ மேட்டுப்பாளையமோ தாராபுரமோ வரட்டும்.

மைதானம்தான் உண்மையான செலவு. நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தய டிராக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் முகம் தெரியாது, பனியன் நிறம்தான் தெரியும். முப்பதாயிரம் இருக்கை எங்களுக்கு வேண்டாம். திருப்பூர் சிக்கண்ணா கல்லூரி மைதானம், ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானம், சேலம் காந்தி ஸ்டேடியம் மாதிரி இருக்கிற இடங்களில் புல், விளக்கு, ஐயாயிரம் பேருக்கு கேலரி, பெண்களுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை, இவ்வளவு போதும். கடைசியாகச் சொன்னதை எந்தத் திட்ட அறிக்கையிலும் முதலில் எழுத மாட்டார்கள்.

பெண்கள் லீக்கையும் கூடவே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியப் பட்டத்தை 2018இலும் 2023இலும் வாங்கியது. மதுரை சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கையே ஜெயித்தது. நம் ஆண்கள் அணியைவிடப் பெண்களுக்குத்தான் ஊரில் முறையான ஆட்டம் குறைவு. என் மகள் சீசனில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களுக்காக ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்கிறாள். ஒரே டிக்கெட்டில் மூன்று மணிக்குப் பெண்கள் ஆட்டம், ஐந்து மணிக்கு ஆண்கள் ஆட்டம் என்று வைத்தால் வாடகையும் மிச்சம்.

கிழமை ஞாயிறாக இருக்கட்டும். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு லீவு. ஈரோட்டிலும் கரூரிலும் பெரும்பாலும் அப்படியே. இந்த ஏழு ஊருக்கான மாவட்டக் கால்பந்துச் சங்கங்களும் ஒருநாள் ஈரோட்டில் உட்கார்ந்து, ரயில் நேர அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்ட அட்டவணை போட வேண்டும். முதல் ஆண்டுக்கு ஏழு ஊர் அணிக்கும், ஆண்கள் பெண்கள் இரண்டுக்கும், பனியன் தைக்கும் கூலியை எங்கள் யூனிட் ஏற்றுக்கொள்கிறது. துணியும் பிரிண்டும் அவரவர் பொறுப்பு. பாலியெஸ்டர் மெஷ், சப்ளிமேஷன் பிரிண்ட், கழுத்து ரவுண்ட் நெக். அளவு எழுதி ஒரு மாதம் முன்னால் கொடுத்துவிட வேண்டும், தீபாவளி ஆர்டர் நேரத்தில் வந்து நின்றால் முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
15 வேலம்பாளையம், திருப்பூர்.